பத்தியம் இருந்த எலிகள்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; உயரம், நிறம் போல ஓர் அங்க அடையாளமாகவே சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் முதன்முதலாக மேடையேறிய நாள் தொட்டு, என்னைத் தோற்கடித்தவர் யார், எந்த ஊர்ப் பேச்சுப் போட்டியில், எந்தச் சொல்லில் நான் தடுமாறினேன் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்களுள் பெரும்பாலோருக்கு அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அதே மேடையில் பதில் சொல்லிவிட்டேன். போட்டிகளுக்கு வெளியே நான் பழிதீர்த்தது ஒரே ஒருவரைத்தான். அவரைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு பார்மசி கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பாடம் மருந்தியல். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஆவாரம்பூ. எங்கள் ஊர் அன்னூருக்குப் பக்கம்; மழை பொய்த்த ஆண்டிலும் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற செடி அது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எல்லார் வீட்டிலும் அதைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். நல்லது என்பது சரி. எப்படி நல்லது, உடம்புக்குள் எந்த இடத்தில் போய் என்ன செய்கிறது என்ற கேள்விக்குத்தான் ஒருவரிடமும் விடை இல்லை. அந்த விடை என் பெயரில் வர வேண்டும் என்று விரும்பினேன். மறைக்க என்ன இருக்கிறது, பெயருக்காகத்தான் விரும்பினேன்.

வேலை இதுதான். வெள்ளை எலிகளுக்கு ஊசி வழியே ஒரு ரசாயனத்தைச் செலுத்தினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் சிதைந்து எலிக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். அப்படி நோய் வந்த எலிகளை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பிரிவுக்குப் பூவின் சாறு. இன்னொரு பிரிவுக்கு வெறும் தண்ணீர். இருபத்தொரு நாள் கழித்து, முந்தைய மாலையே தீனியை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வால் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளப்போம். மற்ற எல்லாமே இரு பிரிவுக்கும் ஒன்றாக இருந்தால்தான், வேறுபாடு பூவால் வந்தது என்று சொல்ல முடியும்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளத் தினக்கூலிக்கு ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். கல்லூரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். நாங்கள் அனிமல் ஹவுஸ் என்போம், அவர் எலியூடு என்பார். கூண்டுக்கு உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவுவது, தீனிக் கட்டிகளைப் போடுவது எல்லாம் அவர் வேலை. கூண்டுகளில் நான் ஒட்டியிருந்த சீட்டுகளில் 'மருந்து', 'தண்ணீர்' என்று தமிழிலேயே எழுதியிருந்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார் என்பதற்காகத்தான் அப்படி எழுதினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

முதல் தொகுதி எலிகளின் முடிவு வந்தபோது எண்களை இரண்டாம் முறையும் சரிபார்த்தேன். மருந்துக் கூண்டு எலிகளின் சர்க்கரை, நோயே வராத எலிகளின் அளவுக்கு இறங்கியிருந்தது. மாத்திரைகூட இப்படிச் செய்யாது. எண்களைப் பெரிய நோட்டில் சிவப்பு மையால் எழுதி, நேராகப் பேராசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "பலே" என்றார். நோட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரின் மேசையில் ஒரு தாளைக் கண்டேன். கோவையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கம். ஆவாரம்பூ, என் எலிகள், என் எண்கள். மேலே இரண்டு பெயர்கள். ஒன்று பேராசிரியருடையது. மற்றது, அதே பேராசிரியரிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து நான்கு ஆண்டாக எதையும் முடிக்காமல் இருந்த மூத்தவருடையது. மூன்றாவது பெயர் இல்லை.

பேராசிரியரின் அறைக்குப் போனேன். மூத்தவரும் அங்கேதான் இருந்தார்.

"நீங்க இன்னும் ஆறு மாசத்துல படிப்ப முடிச்சுட்டுப் போயிருவீங்க" என்றார் பேராசிரியர். "இவருக்குப் பிஎச்.டி. குடுக்கறதுக்கு ஒரு பேப்பர் இருக்கோணுமில்லீங்க? உங்க தீசிஸ் உங்ககிட்டத்தானே இருக்குது. அதுல யாரு கை வெக்கறாங்க?"

"உழைப்பு என்னுடையது சார்."

"கல்லூரி எல்லார்த்துதும்."

மூத்தவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அம்மணிக்கு மேடைக்கா பஞ்சம்? ஊடு நெறையக் கப்பு வெச்சிருப்பீங்க. இது ஒண்ண எனக்கு உட்டுக்குடுங்களே, என்ன கொறஞ்சுபோயிரும்?"

பேச்சுப் போட்டிகளில் நான் கற்ற முதல் பாடம், எதிராளி சிரிக்கும்போது பதில் சொல்லக் கூடாது என்பது. அறையை விட்டு வெளியே வந்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்துகளையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவருக்கு எதிராக ஒரு கடிதம் எழுதலாம், முதல்வரிடம் முறையிடலாம், ஆய்வையே கைவிட்டுப் போகலாம். ஒவ்வொன்றையும் எடைபோட்டுத் தள்ளினேன். எதிலும் அவர் கூட்டத்தின் முன் நிற்கவில்லை. அவர் நிற்க வேண்டும். அந்த மேடையிலேயே, என் எண்களைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வாயடைத்து நிற்க வேண்டும். அதற்கு என்னிடம் ஆயுதம் ஏதும் இல்லை என்பதுதான் என் துயரமாக இருந்தது.

ஆயுதத்தை எனக்குக் கொடுத்தவர் எலியூட்டு அக்கா.

கருத்தரங்குக்கு முன் இன்னொரு தொகுதி எலிகளிலும் இதையே செய்து பார்த்துவிடும்படி பேராசிரியர் மூத்தவரிடம் சொல்லியிருந்தார். மூத்தவர் சுறுசுறுப்பானவர் அல்லர். நாங்கள் தினமும் காலையில் எலியை எடைபோட்டு, அந்த எடைக்குத் தகுந்த அளவு சாறு கொடுப்போம். அவர் தராசின் பக்கமே போகவில்லை. எல்லா எலிக்கும் ஒரே அளவை ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அதை ஒருநாள் நின்று பார்த்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம், இன்னும் என்ன செய்கிறார் என்று பார்க்கவே எலியூட்டுக்குப் போனேன். அவர் வரவில்லை. அக்கா தீனி போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் கூண்டில் ஒவ்வோர் எலிக்கும் இரண்டு கட்டி. தண்ணீர்க் கூண்டில் கைநிறைய அள்ளிப் போட்டார்.

"ஏனுங்கக்கா, இதுகளுக்கு மட்டும் ஏன் ரண்டு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இது கூடவா தெரியாது என்பதுபோல. "அது மருந்து குடிக்கற கூண்டுங்க, அம்மணி. சர்க்கரைக்கு மருந்துன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. பத்தியம் வேண்டாமுங்களா? காலைல ரண்டு, சாயங்காலம் ரண்டு. எங்கூட்டுக்காரரு நாட்டு மருந்து சாப்பிட்டப்ப நான் அப்புடித்தான் அர வயித்துக்கு வெச்சிருந்தேன். இல்லாட்டி மருந்து எப்புடீங்க புடிக்கும்?"

"அப்ப தண்ணிக் கூண்டுக்கு?"

"மருந்தில்லாததுக்கு என்னங்க பத்தியம்? பாவம், அதுக தின்னுபோட்டுப் போகுது."

"ரத்தம் எடுக்கறதுக்கு முந்தின சாயங்காலம் எல்லாத்துக்கும் தீனியை எடுத்துரணும்னு சொல்லியிருந்தேனே?"

"மருந்துக் கூண்டுல எடுத்துருவனுங்க. தண்ணிக் கூண்டுக்கு மட்டும் ஒண்ணு ரண்டு போட்டு வெப்பேன். நோவும் வந்து, மருந்துமில்லாம, சோத்தையும் புடுங்குனா என்னங்க நாயம்?"

நான் உமிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. முதல் தொகுதியின் எடைகளைத் தராசருகே நின்று நான் எழுதி வந்த நோட்டு. பெரிய நோட்டைத்தான் பேராசிரியரிடம் கொடுத்திருந்தேன். இது என்னிடமே தங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். மருந்துக் கூண்டு எலிகளின் எடை ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போயிருந்தது. சர்க்கரை நோய் குணமாகிற உடம்பு எடை கூட வேண்டும், இவை இளைத்திருந்தன. நானே என் கையால் எழுதிய எண்கள். வெற்றிக் களிப்பில் அவற்றை ஒருமுறைகூட மேலிருந்து கீழாகப் படிக்கவில்லை. என் ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கவில்லை. பட்டினிதான் குறைத்திருந்தது.

என் ஆய்வு செத்துவிட்டது என்பது அந்த உமிச் சாக்கின் மேல் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. அதை வருத்தத்தோடு உணர்ந்தேன் என்று எழுதினால் பொய்யாகும். செத்தது என் பெயரில் இல்லையே, அவர் பெயரில் அல்லவா அச்சாகப் போகிறது என்ற நினைப்பே முதலில் வந்தது. அது அவ்வளவு இனித்தது.

அக்கா தயங்கினார். "ஏனுங்க அம்மணி, தப்பா ஏதாச்சும் செஞ்சுபோட்டனுங்களா?"

"இல்லைக்கா" என்றேன். "இப்படியே செய்யுங்க. இந்தத் தொகுதி முடியறவரைக்கும் இப்படியே செய்யுங்க."

கருத்தரங்கு ஒரு சனிக்கிழமை. அன்று நான் மாம்பழ மஞ்சளில் சேலை உடுத்தி நான்காவது வரிசையில் ஓரமாக அமர்ந்தேன். எழுவதற்கு வசதியான இடம். மூத்தவர் புதுச் சட்டை போட்டிருந்தார். திரையில் எழுத்தைக் காட்டும் விளக்குப் பெட்டியில் ஒவ்வொரு கண்ணாடித் தாளாக வைத்து ஆங்கிலத்தில் வாசித்தார். இரண்டாம் தொகுதியிலும் அதே அற்புதம் நிகழ்ந்திருந்தது. அதை அவர் சொன்னபோது அரங்கில் சிலர் குனிந்து குறிப்பெடுத்தார்கள். கடைசித் தாளில் நன்றி தெரிவித்த பட்டியல் இருந்தது. அதில் என் பெயர், படம் வரைந்து கொடுத்தவரின் பெயருக்கு அடுத்து, கடைசியாக இருந்தது. அதற்கு முன்புவரை எனக்குள் ஏதேனும் தயக்கம் மிச்சமிருந்திருந்தால் அந்தத் தாள் அதைத் தீர்த்துவைத்தது.

கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன். தமிழில் கேட்கலாமா என்று அமர்வின் தலைவரிடம் அனுமதி கேட்டேன். வெளியூரிலிருந்து வந்திருந்த முதிய பேராசிரியர் அவர், சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

"மருந்தை ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். ஆனால் எந்தத் தாளிலும் எலிகளின் எடையைக் காணோம். எடை பார்த்தீர்களா?"

"பார்த்தோம்" என்றார் மூத்தவர்.

"நோய் குணமான எலிகளின் எடை இருபத்தொரு நாளில் கூடியதா, குறைந்ததா?"

ஒரு நொடி தாமதித்தார். படித்தவர்தானே, எது சரியான விடை என்று அவருக்குத் தெரியும். "கூடிச்சு" என்றார்.

சின்ன நோட்டைக் கையில் எடுத்து உயர்த்தினேன். "முதல் தொகுதியின் எடை இதோ இருக்கிறது. அந்த எலிகளை எடைபோட்டவள் நான். ஒன்று விடாமல் எல்லா எலியும் இளைத்திருக்கிறது. கூடியது என்கிறீர்களே, அந்த எண்கள் எந்த நோட்டில் இருக்கின்றன?"

"அது... ரண்டாவது பேட்ச்சுல நாங்க எடை பாக்கலீங்க."

"எடையே பார்க்காமல், கிலோவுக்கு இவ்வளவு என்று எப்படி அளந்து கொடுத்தீர்கள்?"

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விளக்குப் பெட்டியின் வெளிச்சம் மூத்தவரின் முகத்தில் கீழிருந்து அடித்தது. உதட்டுக்கு மேல் வியர்வை அரும்புவது நான்காம் வரிசைவரை தெரிந்தது. அந்த முகத்தை இன்றும் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். என் வாழ்நாளில் வாங்கிய எந்தக் கோப்பையும் அதற்கு ஈடில்லை.

அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைவர் என்னைப் பார்த்து, "சர்க்கரையும் குறைஞ்சு எடையும் குறைஞ்சதுக்குக் காரணம் உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். கூட்டம் என் பக்கம் திரும்பியிருந்தது. இருநூறு முகங்கள் ஒருசேரத் திரும்பினால் என் நாக்கை என்னால் கட்டிவைக்க முடிந்ததில்லை. எலியூட்டைச் சொன்னேன், சீட்டுகளைச் சொன்னேன், அக்காவின் குரலை வரவழைத்து, தலையை அவர் சாய்ப்பதுபோலவே சாய்த்து, "மருந்தில்லாததுக்கு என்னங்க பத்தியம்?" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கைதட்டலுக்கிடையே அமர்ந்தேன்.

தேநீர் இடைவேளையில் மூத்தவர் என்னருகே வந்தார். "சந்தோசமுங்களா? உங்க தீசிஸும் அதே எலிதான். அதையும் சேத்துக் கொன்னுபோட்டீங்க."

"தெரிந்துதான் கொன்றேன்" என்றேன். அந்தப் பதிலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை எலியூட்டுக்குப் போனபோது அக்கா உமி மாற்றவில்லை. எல்லாக் கூண்டும் துப்புரவாக இருந்தது. சாப்பாட்டுத் தூக்கையும் சாவிக் கொத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மணி. இன்னையோட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. சாவியக் குடுக்கறதுக்குத்தான் உக்காந்திருக்கறேன்."

நான் படிக்குக் கீழேயே நின்றேன்.

"என்னையாட்டவே பேசுனீங்களாமா. ஆபீஸ்ல டைப் அடிக்கறவரு சொன்னாருங்க. சபையே சிரிச்சுதாமா. எங்க, ஒருக்காப் பேசிக் காட்டுங்க, கேக்கலாம்."

"அக்கா..."

"அட, பேசுங்க. அத்தன பேரு முன்னாடி பேசுனீங்க, எனக்கு முன்னாடி என்ன கூச்சம்?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. அவர் கவனமாகக் கேட்டார்.

"கொரலு வருதுங்க, நல்லாத்தான் வருது. ஆனா ஒண்ண உட்டுப்போட்டீங்க."

"என்னக்கா?"

"தப்பான்னு நான் கேட்டனுங்களே. 'இல்லைக்கா, இப்படியே செய்யுங்க'ன்னு நீங்க சொன்னீங்க. அத உங்க கொரல்லயே அங்க பேசிக் காட்டியிருந்தா, அவிய இன்னும் நல்லாச் சிரிச்சிருப்பாங்கல்ல?"

கூண்டுகளுக்குள் எலிகள் தண்ணீர்ப் புட்டியின் முனையைக் கடிக்கிற ஓசை கேட்டது.

"சாரு பத்தரைக்கு வருவாரு" என்றார் அக்கா. "போயிச் சொல்லிப்போட்டு வாங்க. நான் அதுவரைக்கும் சாவியக் குடுக்கல."

கெஞ்சவில்லை, திட்டவில்லை. அந்த 'ங்க' ஒன்றுகூடக் குறையாமல் என்னைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்.

பத்தரைக்குப் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே மூத்தவரும் இருந்தார். தனியே பேச வேண்டும் என்றேன். "அவரு முன்னாடியே பேசுங்க. நீங்கதான் ஊரு முன்னாடியே பேசறவங்களாச்சே" என்றார் பேராசிரியர். ஒரு கணம் திரும்பிவிட நினைத்தேன். நான் வாயைத் திறந்தால், சனிக்கிழமை வென்றதையெல்லாம் என் கையாலேயே அந்த மூத்தவரின் மடியில் வைக்கிறேன் என்று பொருள். சன்னல் வழியே எலியூட்டு வாசல் தெரிந்தது. அக்கா இன்னும் படியிலேயே இருந்தார்.

"அக்கா பத்தியத் தீனி போடுவது எனக்கு முன்பே தெரியும் சார். அவர் தப்பா என்று கேட்டார். இல்லை, இப்படியே செய்யுங்கள் என்று நான்தான் சொன்னேன். இவர் மேடையில் மாட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அக்காவை நிறுத்தாதீர்கள்."

நான் பேசிய பேச்சுகளிலேயே மிகச் சிறியது அதுதான். முன்னுரை இல்லை, ஒருவரும் கைதட்டவில்லை. மூத்தவர் மட்டும் சிரித்தார். வாய்விட்டுக்கூட இல்லை, மூக்கால்.

பேராசிரியர் மேசையிலிருந்த காகித எடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அந்தம்மாவ வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றார். "நீங்க ஆறு மாசம் சேத்து இருங்க. மொதல்ல இருந்து செய்யுங்க. தீனிய நீங்களே போடோணும். ஒவ்வொரு நாளும் எடைய எழுதி எங்கிட்டக் காட்டோணும்."

அப்படியே செய்தேன். என்னுடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் எலிகளுக்குத் தீனியை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் நின்று, "தண்ணிக் கூண்டுக்கு ஒண்ணு கம்மியா உளுந்துருச்சுங்களே, அம்மணி" என்று ஒவ்வொரு நாளும் சரிபார்த்தார். அதிலும் அவர் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கத்தான் செய்தது. கொஞ்சம். அற்புதம் என்று சொல்ல முடியாத, ஆனால் மெய்யான கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் மேல் என் பெயர் மட்டும் இருக்கிறது.

மூத்தவர் வேறு செடிக்கு மாறி, அடுத்த ஆண்டில் ஒருவழியாக முடித்தார். வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். நான் அப்போது ஓர் ஆய்வகத்தில் வேலையில் இருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, முதல் வரிசையில் நடுவில், மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். அவர் வாசித்த ஒரு மணி நேரமும் அவர் கண் என் பேனாவிலேயே இருந்தது. நான் எழுதும்போதெல்லாம் அவருக்கு வரி தவறியது. நான் எழுதியதெல்லாம் என் வீட்டு மளிகைச் சாமான்களின் பட்டியல்.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். எழுந்தேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சேலை மடிப்பைச் சரிசெய்தேன், நோட்டை ஒரு பக்கம் புரட்டினேன், தொண்டையைச் செருமிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. போதும் என்று பட்டபோது, "கேள்வி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

வெளியே வரும்போது அக்கா தண்ணீர்ப் புட்டிக் கூடையோடு எதிரே வந்தார்.

"என்னங்க கேட்டீங்க அவர?"

"ஒண்ணுமே கேக்கலைக்கா."

அவர் என் தோளுக்கு மேலாக அரங்கின் வாசலைப் பார்த்தார். மூத்தவர் அங்கே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு மொகத்தப் பாத்தா அப்புடித் தெரியலீங்களே" என்றார் அக்கா. கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு எலியூட்டைப் பார்த்து நடந்தார்.